ஆடி மாதத்துச் சாவி

ஜூன் 9, செவ்வாய்

பேங்கில் கடைசியாகக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டியதையெல்லாம் ஆபீஸ் ஃபைலிலேயே எழுதித் தீர்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஃபைல் இல்லை, ஆகவே டைரி.

சுவிட்சர்லாந்தில் பாசல் என்கிற ஊருக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. கோமதிக்கு இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று புள்ளிவிவரம் போட்டுச் சொல்வாள். அவளுக்கு வேலை கிடைத்தது, நான் என் வேலையை விட்டேன், கணக்கு நேராகிவிட்டது. திருநெல்வேலி கிளையில் கியாரண்டி மேஜை என்றால் அது சங்கரபாண்டியன் மேஜை. ரோடு போடுகிறவர், பாலம் கட்டுகிறவர், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுகிறவர், எல்லாரும் பேங்க் பொறுப்புக் கடிதம் கேட்டு என் முன்னால் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தவர்கள்தான். அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

கம்பெனி தந்திருப்பது ஒற்றை அறை. ஆகஸ்ட் கடைசியில் காலி செய்ய வேண்டும். மகள் தாமிரா சங்கரன்கோவிலில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள். பன்னிரண்டு வயது. இங்கே பள்ளி ஆகஸ்ட் பத்தாம் தேதி திறக்கிறது. நிலையான முகவரி காட்டினால்தான் சேர்ப்பார்களாம். வீடு கிடைக்காவிட்டால் அவள் ஒரு வருடம் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

"வீட்டை நான் பாத்துக்கிடுதேன். நீ ஆபீஸைப் பாரு" என்றேன் கோமதியிடம்.

"சரி. அது உங்க டிபார்ட்மென்ட்" என்றாள்.

கேட்க நன்றாக இருந்தது.

ஜூன் 17, புதன்

நான்கு வீடு பார்த்தாயிற்று. இங்கே வீடு பார்ப்பதென்றால் கோயில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல மாடிப்படியில் வரிசை. உள்ளே போனதும் எல்லாரும் சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள், ஜன்னலைத் திறந்து மூடுகிறார்கள், ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிறகு வீட்டுக்காரர் நம்மைத் தேர்ந்தெடுக்கிறார் அல்லது தேர்ந்தெடுப்பதில்லை. நான்கு பேரும் தேர்ந்தெடுக்கவில்லை.

படிவத்தில் கணவரின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் 'நிதி ஆலோசகர்' என்று எழுதுகிறேன். கோமதிக்குத் தினமும் ஆலோசனை சொல்கிறேன், பொய்யில்லை.

ஜூன் 26, வெள்ளி

கிடைத்துவிட்டது! மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, மரத்தரை. கோமதியின் ஆபீஸிலிருந்து நடந்தே வந்துவிடலாம். சின்ன அறையின் ஜன்னலுக்கு வெளியே பெரிய மரம். அதுதான் தாமிராவின் அறை என்று கோமதி அங்கேயே தீர்மானித்துவிட்டாள்.

அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் இலங்கைத் தமிழர். பெயர் தவமலர். தரைத்தளத்தில் குடியிருக்கிறார்.

"நீங்கள் இந்தியாவோ? நான் புங்குடுதீவு. இஞ்ச வந்து முப்பது வருசமாச்சு. வடிவான வீடு, பயப்பிடாம எடுங்கோ. வெய்யில் நல்லா வரும்" என்றார். பயமா? எனக்கா?

வாடகை ஏஜென்சிக்காரர் பெயர் ப்ரூனர். நாற்பது வயது, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. மூன்று மாத வாடகை அட்வான்ஸ் என்றார். அதை அவர் கையில் கொடுக்க வேண்டாமாம். நம் பெயரில் ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும். அல்லது பேங்க் கியாரண்டி கொடுக்கலாம். அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்குப் புன்னகை வந்தது. சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

இரவு தோசை ஊற்றிக்கொண்டே கோமதிக்கு விளக்கினேன். "நம்ம ஊர்ல அட்வான்ஸைக் கொடுத்துட்டு, காலி பண்ணும்போது பெயிண்ட் அடிக்கணும், பல்பு போச்சுன்னு அவன் புடிக்கிறதைப் பாத்துட்டு நிப்போம்லா. இது அப்படி இல்ல. நாம பணத்தை அசைக்கவே வேண்டாம். பேங்க் ஒரு தாள் எழுதிக் கொடுக்கும். குடியிருக்கிறவங்க வீட்டைக் கெடுத்துட்டா நாங்க தாறோம்னு. அவ்வளவுதான்."

"பேங்க் எதுக்கு நமக்காகக் கொடுக்கும்?"

"நம்ம யோக்கியதைக்கு."

"அந்தக் கணக்குலயே போட்டுட்டா என்னங்க? வம்பில்லையே" என்றாள். ஊரில் என் பி.எஃப். பணம் இன்னும் வந்து சேரவில்லை என்பதை அவளுக்கு நினைவூட்ட விரும்பவில்லை. பணத்தை முடக்குவது புத்திசாலித்தனம் ஆகாது என்று மட்டும் சொல்லி அடுத்த தோசையை ஊற்றினேன்.

ஜூலை 2, வியாழன்

பேங்குக்குப் போனேன். கியாரண்டி பார்க்கிற பையனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. நானும் இதே வேலைதான் செய்தேன் என்றதும் காபி கொடுத்தான். பிறகு முடியாது என்றான். வெளிநாட்டவர், வந்து ஒரு மாதம், அதிலும் கோமதி மூன்று மாத தகுதிகாண் காலத்தில் இருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற கம்பெனி பொறுப்பேற்று ஒரு கடிதம் தந்தால் தருவார்களாம்.

இதே பதிலை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! பையன் என்னைவிட மரியாதையாகச் சொன்னான்.

ஜூலை 6, திங்கள்

கோமதி கம்பெனியில் கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான், சுலபம். சாயங்காலம் தலைவலி என்று அவள் சாப்பிடவில்லை. ரசம் சாதமாவது சாப்பிடு என்றேன். வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள்.

ஜூலை 10, வெள்ளி

கியாரண்டி வந்துவிட்டது. ஒரே பக்கம். 'முதல் கோரிக்கையிலேயே, ஆட்சேபம் எதுவும் கேட்காமல் பணம் தரப்படும்' என்ற வாசகம் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு வரி எழுதிக் கேட்டால் பேங்க் கொடுத்துவிடும். பிறகு பேங்க் கம்பெனியிடம் கேட்கும், கம்பெனி கோமதியைக் கூப்பிடும். நியாயம் யார் பக்கம் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இதையெல்லாம் கோமதியிடம் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நிலைமையே வராதபோது எதற்கு?

ஒப்பந்தத்தைக் காட்டிப் பள்ளியில் இடம் வாங்கிவிட்டேன். தாமிராவுக்கு ஆகஸ்ட் ஆறாம் தேதி டிக்கெட்.

ஜூலை 16, வியாழன்

இன்று சாவி வாங்கினேன். நாளை ஆடி பிறக்கிறது, இன்றே வாங்கியதில் எனக்குப் பெருமைதான்.

ப்ரூனர் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை இரண்டு மணி ராகுகாலம். மூன்று மணிக்கு மேல்தான் வருவேன் என்று எழுதினேன். காரணம் கேட்டார். குடும்ப வழக்கம் என்றேன். சரி என்றார், ஆனால் அடுத்த இடத்துக்கு அவர் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டுமாம். கோமதிக்கு ஆபீஸில் மீட்டிங். நான் மட்டும் போனேன். வாசலில் வலதுகாலை எடுத்து வைத்தேன், அவரும் எதற்கென்று தெரியாமல் வலதுகாலை வைத்தார். அவசரமாக அறை அறையாகப் பார்த்தோம். சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். "அலமாரிகளைத் திறந்து பார்க்கிறீர்களா?" என்றார். காலி அலமாரியில் என்ன இருக்கப்போகிறது? கையெழுத்துப் போட்டேன்.

போகும்போது, "வேறு குறை எதையாவது பார்த்தால் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் இருக்கிற குறையெல்லாம் உங்களுடையதாகிவிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கெடு வேண்டும்.

கோமதி சாவியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். "நாளைக்கே போயிருவோமே. ரெண்டு பெட்டிதானே" என்றாள்.

"ஆடியில எவனாவது குடிபோவானா? ஆவணி பொறக்கட்டும். பால் காய்ச்சிட்டுப் போவோம்."

"வாடகை ஓடுதுல்லா?"

"ஓடட்டும். நமக்கு இந்த ரூம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இருக்கு."

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. முறை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். சாவியை மேஜை டிராயரில் பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி 1. வீடு பூட்டியிருக்கிறது. ஊர் ஜோசியருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன், சந்தோஷப்பட்டார்.

ஜூலை 21, செவ்வாய்

நீல பக்கெட்டைக் காணோம். போன வாரம்தான் வாங்கினேன். இந்த ஊரில் பக்கெட் திருடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் பழைய ஈரிழைத் துண்டும் இல்லை. கோமதியிடம் கேட்டால், "எங்கேயாச்சும் இருக்கும்" என்கிறாள். ஒற்றை அறையில் எங்கேயாவது என்றால் எங்கே?

மத்தியானச் சாப்பாட்டை இந்த வாரமெல்லாம் டப்பாவில் கட்டிக்கொண்டு போகிறாள். ஆபீஸ் கேண்டீன் பிடிக்கவில்லையாம். தயிர்சாதத்துக்கு மாவடு கேட்டாள். இங்கே மாவடுக்கு எங்கே போவேன், எலுமிச்சை ஊறுகாய் வைத்தேன்.

ஜூலை 23, வியாழன்

தாமிரா வீடியோ காலில் வந்தாள். "எப்பா, என் ரூம் ஜன்னல் மரத்துல குருவி கூடு கட்டியிருக்காமே! அம்மா சொன்னா. குஞ்சு பொரிச்சா போட்டோ எடுத்து அனுப்புதேன்னா."

கோமதி சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நாங்கள் ஜூன் மாதம் போய்ப் பார்த்தபோது கூடு எதுவும் இல்லை. பிள்ளையைச் சமாதானப்படுத்தக் கற்பனை செய்திருக்கிறாள். எனக்கு அந்தத் திறமை இல்லை.

டிராயரில் சாவி பாஸ்போர்ட்டுகளுக்கு மேலே இருந்தது. அடியில் வைத்ததாக ஞாபகம். வயதாகிறது.

ஜூலை 26, ஞாயிறு

ஜெர்மன் படிக்கிறேன். மனைவி சம்பாதிக்கும்போது கணவன் மொழியாவது சம்பாதிக்க வேண்டும். புத்தகத்தில் பாதி முடித்துவிட்டேன் என்றதும் கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பரீட்சை வைக்கட்டுமா? சமையல்கட்டைப் பத்தி எழுதுங்க பாப்போம்."

சமையலறை பெரியது, ஜன்னல் அழகானது என்று எழுதினேன்.

"அது புஸ்தகத்துலயே இருக்கு. பாத்திரம் கழுவுத தொட்டிக்கு அடியில குழாய் ஒழுகுதுன்னு எழுதுங்க."

"எதுக்கு அபசகுனமா?"

"எழுதுங்களேன். பக்கத்துல மரத்தரை உப்பியிருக்குன்னும் எழுதுங்க. நாங்க வாறதுக்கு முன்னாலேயே அப்படித்தான் இருந்திச்சு, சீக்கிரம் ஆளை அனுப்புங்கன்னு முடிங்க."

அகராதியைப் புரட்டி ஒரு மணி நேரம் உழைத்தேன். மரியாதைக்கு 'மிகவும் மதிப்பிற்குரிய' என்று தொடங்கி, 'உங்கள் குடும்பத்தார் நலமாக இருக்க வேண்டுகிறேன்' என்று முடித்தேன். பத்துக்கு எட்டு கொடுத்தாள். அந்தத் தாளை வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். பெருமை அவளுக்கு.

ஜூலை 28, செவ்வாய்

ஊரில் இன்று ஆடித்தபசு. கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்க, சாயங்காலம் சுவாமி வந்து காட்சி கொடுப்பார். தெருவெல்லாம் ஜனம். எங்கள் கல்யாணத்தின்போது சங்கரபாண்டியனுக்குக் கோமதி என்று ஊரே கேலி செய்தது. தபசு வந்தால் என் மாமனார், "மாப்ள, எம்மவளை நிக்க வச்சிராதீங்க" என்பார்.

தங்கை தபசு போட்டோ அனுப்பியிருந்தாள். கோமதி ஆபீஸிலிருந்து வந்ததும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. படியில் இடறிவிட்டதாம். மஞ்சள் வைத்துவிட்டேன்.

"இன்னிக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றாள். தபசைச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 1, சனி

இவர்கள் நாட்டுத் திருநாள். ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. நம்ம ஊர் வெடியில் கால்வாசிகூட இல்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

தாமிரா வந்துவிட்டாள். விமானத்துப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். பையில் என் தங்கை மாவடு கொடுத்தனுப்பியிருக்கிறாள்! கோமதி அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். டாக்ஸிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் அவரைப் பொறுக்கச் சொன்னேன்.

ஒற்றை அறையில் மூன்று பேர். நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். ஆவணிக்கு இன்னும் சில நாள்தான்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

தாமிரா பள்ளிக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது. முதல்நாள் அழுதாள், இன்று அழவில்லை. டீச்சர் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.

ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. ஜெர்மன். அகராதி வைத்துப் படித்தேன், பிறகு இன்னொரு முறை படித்தேன். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிறவர் விடுமுறைக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்தால் சமையலறை மேல்கூரை முழுக்க நீர்க்கறை. தண்ணீர் எங்கள் சமையலறையிலிருந்து இறங்கியிருக்கிறது. சாவி ஜூலை 16 முதல் எங்களிடம் இருக்கிறது. ஆகவே சேதத்துக்கு கியாரண்டியிலிருந்து பணம் கோரும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பதறவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து, ப்ரூனர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்தப் பதினான்கு நாளைத் தேடினேன். இருந்தது. ஜூலை 30-ஆம் தேதியோடு முடிந்துபோயிருக்கிறது. நான் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. ஒருநாள்கூடப் போய் எட்டிப் பார்க்கவில்லை. ஆடி என்று சாவியை டிராயரில் போட்டுவிட்டு ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஒரு வரி எழுதினால் போதும். பேங்க் கொடுத்துவிட்டுக் கோமதியின் கம்பெனிக்கு எழுதும். அவளுடைய தகுதிகாண் காலம் செப்டம்பரில்தான் முடிகிறது. உங்களை நம்பித்தானே எழுதிக் கொடுத்தோம் என்று அவர்கள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? என் புருஷன் ஆடி பார்ப்பார் என்றா? அவள் வேலை போனால் வீடு, பள்ளி எல்லாம் போகும். பிள்ளை இன்றுதான் அழாமல் போயிருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். கோமதியிடம் சொல்லப்போவதில்லை. இது என் டிபார்ட்மென்ட்.

ஆகஸ்ட் 12, புதன்

காலையில் இருவரும் கிளம்பியதும் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி வரை வேகமாக ஏறிவிட்டேன். கதவு முன்னால் நின்றதும் கை வரவில்லை. ஆடி இன்னும் முடியவில்லையே என்று ஒரு மனம். கியாரண்டி மேஜையில் உட்கார்ந்தவனுக்கு இந்த நிலைமையா என்று இன்னொரு மனம். சேதத்தைப் பார்க்கப் போவது குடிபோவது ஆகாது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். இந்த விளக்கம் ஒரு மாதம் முன்னால் வந்திருக்கலாம். ராசி எதற்கு என்று இடதுகாலை வைத்தே உள்ளே போனேன்.

சமையலறையில் தொட்டிக்கு அடியில் திறந்து பார்த்தேன். பளபளவென்று புதுக் குழாய். சொட்டு ஈரம் இல்லை. பக்கத்தில் ஒரு மரப்பலகை விரல் உயரத்துக்கு உப்பித் தூக்கிக்கொண்டிருந்தது. அதில் இடறி விழப்பார்த்தேன். இந்தப் பலகை, இந்தக் குழாய், ரெண்டையும் எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

சின்ன அறைக்குப் போனேன். ஜன்னலோரம் என் நீல பக்கெட் கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் என் துண்டு நாலாக மடித்துப் போட்டிருந்தது, உட்கார வசதியாக. வெளியே மரக்கிளையில் குருவிக் கூடு. தரையில் ஒரு ஸ்பூன். எங்கள் ஸ்பூன்தான்.

"தம்பி, ஏன் ஒரு மாதிரி நிக்கிறியள்?" தவமலர் அம்மாள் வாசலில் நின்றார். ஏறிவந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கடிதத்தைச் சொன்னேன்.

"அது விளங்காத ஆக்கள் அனுப்பியிருப்பினம். உங்கட மனுசி எல்லாம் செய்துபோட்டாவே. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும் என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை.

"ஒவ்வொரு மத்தியானமும் வாறவா. சாவி எடுத்த அடுத்த கிழமையே தொட்டிக்குக் கீழ தண்ணி நிக்கிறதைக் கண்டுபிடிச்சவா. வாளி வச்சு, முழங்கால்ல நிண்டு துடைச்சவா. பிறகு ஏஜென்சிக்கு எழுதி, அடுத்த நாளே பைப்காரன் வந்தவன். நான்தான் கதவு திறந்துவிட்டனான். 'அக்கா, இவருக்குச் சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு' எண்டு சொன்னவா. நான் சொல்லேல்ல, இப்ப நீங்களே வந்திட்டியள்."

"இப்பவும் வாறாளா?"

"ஓம். இப்ப என்னட்ட இருக்கிற சாவியை வாங்கித்தான் திறக்கிறவா. இந்த அறையில இருந்துதான் சாப்பிடுவா. பிள்ளை ஊரில இருக்கேக்க ஃபோனில கதைப்பா. கதைச்சு முடிய அழுவா. பிறகு முகத்தைக் கழுவிப்போட்டுத் திரும்ப ஒஃபீசுக்குப் போவா."

அவர் இறங்கிப் போனபிறகு பக்கெட்டின்மேல் உட்கார்ந்தேன். ஊரில் எதையோ விட்டுவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள். என்னிடம் ஒருநாள் சொல்லவில்லை, தலைவலி என்றுதான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவள்மேல் ஆசையாக இருந்தது. இருபத்து மூன்று வயதில் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று இருந்த மாதிரி.

துண்டை அவள் மடித்திருந்தபடியே மடித்து வைத்தேன். ஸ்பூன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

ப்ரூனரைப் பார்க்கப் போனேன். ராகுகாலம் பார்க்கவில்லை.

கடிதத்தை மேஜையில் வைத்ததும் அவர் காது சிவந்துவிட்டது. சேதப் பிரிவில் பழைய ஃபைலைப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்களாம். "உங்கள் வீட்டிலிருந்து ஜூலை 28-ஆம் தேதியே எழுத்தில் தகவல் வந்துவிட்டது. கெடுவுக்குள் வந்ததால் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. அவருடைய இன்ஷூரன்ஸ் கொடுக்கும். செப்டம்பரில் தரையை மாற்றித் தருகிறோம். கியாரண்டியை யாரும் தொட மாட்டார்கள்" என்றார்.

"அதை எழுத்தில் கொடுங்கள்" என்றேன். கொடுத்தார். கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒன்று கேட்கலாமா? அந்தக் கடிதத்தை எழுதியது உங்கள் மனைவியா?"

"ஏன்?"

"இந்த வேலையில் எனக்கு வருவதெல்லாம் திட்டு. இவ்வளவு மரியாதையாக யாரும் குழாயைப் பற்றி எழுதியதில்லை. குழாய் அழுகிறது என்று எழுதியிருந்தது. கடைசியில் என் குடும்பத்தார் நலமா என்று வேறு. என் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதை என் மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன்."

எட்டிப் பார்த்தேன். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. பத்துக்கு எட்டு என்று மூலையில் சிவப்பு மையில் போட்டிருந்ததும் அப்படியே.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "அம்மா எப்படி இருக்கிறார்கள்?"

வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

ட்ராமில் வரும்போது யோசித்தேன். அவளே ஆங்கிலத்தில் நாலு வரி தட்டி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் என்னையே எழுதவைத்து அனுப்பியிருக்கிறாள். என் டிபார்ட்மென்ட்டில் ஒருநாள்கூட எனக்கு லீவு போட விடவில்லை. இதைப் போய் அவளிடம் தெரியும் என்று உடைப்பதா? நான் உடைக்கப்போவதில்லை.

சாயங்காலம் கேட்டாள், "வீட்டு விஷயமா ஏதும் தபால் வந்துதா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு."

"உங்களுக்கென்ன, கெட்டிக்காரரு" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் நாளை முதல் இரண்டு மாவடு கூட வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. நீல பக்கெட் குளியலறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. துண்டும். எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

விடியற்காலை நல்ல நேரம். தாமிரா பள்ளிக்குப் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருட்டு பிரிவதற்கு முன்பே கிளம்பினோம். கோமதி கையில் பால் சொம்பு, என் கையில் சாமி படம், தாமிரா கையில் உப்பும் மஞ்சளும். கோமதி பட்டுப்புடவைமேல் கோட்டு போட்டிருந்தாள். ட்ராமில் ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார்.

கதவைத் திறக்கும்போது விடிந்திருந்தது. கோமதி, "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்றாள், இப்போதுதான் பார்ப்பவள்போல. நானும், "நல்ல காத்தோட்டம்லா" என்றேன். மூன்று பேரும் வலதுகாலை எடுத்து வைத்தோம். தவமலர் அம்மாள் கற்பூரத்தோடு வந்திருந்தார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

சமையலறைக்கு நடந்தோம். கோமதி முன்னால், நான் பின்னால், தாமிரா கடைசி. பேசிக்கொண்டே போனதில் யாரும் கீழே பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் கோமதி புடவையைச் சற்றுத் தூக்கி, காலை உயர்த்தி வைத்துப் போனாள். அதே இடத்தில் நானும் காலை உயர்த்தி வைத்துப் போனேன். அடுத்த நொடி பின்னால் தடாலென்று சத்தம். தாமிரா உப்பிய பலகையில் இடறி உப்பும் மஞ்சளுமாக உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா! இங்க இப்படித் தூக்கிட்டு இருக்குன்னு எனக்கு ஏன் சொல்லல?" என்றாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் மட்டும் எப்படிப் பாக்காமலே தாண்டுனீங்க?"

கோமதி மெதுவாகத் திரும்பி என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

"எப்ப வந்தீங்க?" என்றாள்.

"ஆடியிலதான்."

"எந்தக் கால்?"

"இடதுகால்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சொம்பை மேடையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். தவமலர் அம்மாள், "அப்பாடா, இனி நான் வாயை மூடிக்கொண்டு திரியத் தேவையில்லை" என்றார். தாமிராவுக்கு ஒன்றும் புரியாமல் இன்னும் கோபம் வந்தது.

பால் பொங்கும் நேரத்தில் யாரும் அடுப்பைப் பார்க்கவில்லை. கிழக்குப் பக்கம்தான் வழிந்தது, ஆனால் தாராளமாக வழிந்து அந்தக் கண்ணாடி அடுப்பு முழுக்கத் தீய்ந்துவிட்டது.

"போச்சு, கியாரண்டி" என்றாள் கோமதி.

"தள்ளு" என்றேன். "இது என் டிபார்ட்மென்ட்."

துண்டை நனைத்துத் துடைத்தேன். கறை போய்விட்டது. கொஞ்சம் இருக்கிறது. பெரிதாகத் தெரியாது.